துணியா, வளையமா, பாரா: பாளையங்கோட்டைப் பெண் ஒருத்தியின் ஏரியல் கருவித் தேர்வு

இந்த நிகழ்வில் வருகிறவளுக்கு வயது 29. பாளையங்கோட்டையில் வீடு, திருநெல்வேலி டவுனில் ஒரு நகைக்கடையில் கணக்கு வேலை. ஏழு வயதிலிருந்து பரதம் ஆடியவள். அரங்கேற்றம் முடிந்து வேலைக்குப் போனதும் ஆட்டம் நின்றுவிட்டது. அவள் என்னிடம் வந்தது வலது தோள் வலிக்காக. எப்படி வந்தது என்று கேட்டபோது கொஞ்சம் தயங்கிவிட்டு, "துணியில தொங்கிப் பாத்தேன்க்கா" என்றாள்.

ஏரியல் என்பது உயரத்தில் கட்டிய துணி, வளையம், கயிறு போன்றவற்றில் தொங்கி ஆடும் வித்தை. இணையத்தில் அதற்கான துணி, ஏரியல் சில்க் என்று போட்டிருந்ததை வாங்கி, சேரன்மகாதேவி பக்கம் பெரியப்பாவின் பழைய நெல் கிட்டங்கியில் ஊஞ்சல் வளையத்தில் கட்டியிருக்கிறாள். கீழே இலவம்பஞ்சு மெத்தை இரண்டு. மூன்றாம் நாள் தோளில் ஏதோ நழுவித் திரும்ப உட்கார்ந்த மாதிரி இருந்திருக்கிறது. அன்றோடு நிறுத்திவிட்டாள். நல்ல காரியம்.

பெங்களூரில் வேலை பார்த்த காலத்தில் ஏரியல் பழகுகிறவர்களின் தோளையும் மணிக்கட்டையும் பார்க்கும் வாய்ப்பு எனக்கு நிறையக் கிடைத்தது. "எதிலே ஆரம்பிக்கட்டும்?" என்ற கேள்விக்கு அங்கே பெரும்பாலும் கிடைக்கும் பதில், "எது பிடிக்குதோ அதுல". எனக்கு அதில் உடன்பாடில்லை. பிடிப்பது வீடியோவில் பார்த்ததாகத்தான் இருக்கும். கூரை எவ்வளவு உயரம், மூட்டு எவ்வளவு தளர்ச்சி, சுற்றினால் தலை கிறுகிறுக்குமா, சொல்லித்தர ஆள் உண்டா என்பதையெல்லாம் வீடியோ காட்டாது. இவள் விஷயத்தில் இந்த நான்கும் சேர்ந்து, அவள் நினைத்தே பார்க்காத ஒரு கருவிக்குக் கொண்டுபோய் விட்டன. அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஊஞ்சல் வளையம்

உடம்பைப் பார்ப்பதற்கு முன்பே கூரை விவகாரம் வந்துவிட்டது, பெரியப்பாவும் கூடவே வந்திருந்ததால்.

"எங்க ஆச்சி காலத்து உத்திரம், டாக்டரம்மா. அசல் தேக்கு. நாலு பேரு உக்காந்து ஆடுன ஊஞ்சல். இந்தப் புள்ள ஒருத்தி தொங்குனா அத்துட்டுப் போயிருமாக்கும்?"

நம் பக்கத்தில் இந்தக் கேள்வி வராத வீடு கிடையாது. பழைய வீடு என்றால் ஊஞ்சல் இருக்கும், ஊஞ்சல் இருந்தால் வளையம் இருக்கும், வளையம் இருந்தால் எதையும் மாட்டலாம் என்ற நம்பிக்கையும் இருக்கும். ஆனால் ஊஞ்சலின் பாரம் நாலு சங்கிலிக்குப் பிரிகிறது. தாழ்வாக, மெதுவாக ஆடுகிறது. சங்கிலி ஒரு நொடிகூடத் தொய்வதில்லை. ஏரியலில் மொத்தப் பாரமும் பெரும்பாலும் ஒரே புள்ளியில் விழும். அசையாமல் தொங்கினால் 56 கிலோ ஆள் 56 கிலோதான். வெட்டி வெட்டி ஏறினால் அது இரட்டிப்பாகும். துணியைச் சுற்றிக்கொண்டு மேலிருந்து விழுந்து நிற்கும் வித்தைகளில் நாலைந்து மடங்குகூடப் போகும். அதனால்தான் ஒரு தொங்குபுள்ளி சுமார் 900 கிலோ தாங்க வேண்டும் என்று ஏரியல் கட்டுகிறவர்கள் கேட்பது வழக்கம். ஆளின் எடைக்கு அது ரொம்ப அதிகம் என்று தோன்றும். இழுவிசைக்கும் தேய்மானத்துக்கும் பிழைக்கும் சேர்த்து வைத்த கணக்கு அது.

அவளுடைய அக்கா மாப்பிள்ளை கட்டடப் பொறியாளர். அவரைக் கூட்டிக்கொண்டு கிட்டங்கிக்குப் போனோம். உத்திரத்தின் நடுப்பகுதி கருங்கல் மாதிரி இருந்தது, தட்டினால் கணீர் என்றது. பெரியப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். அத்தான் ஏணியை நகர்த்தி, உத்திரம் சுவருக்குள் நுழையும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினார். கைப்பிடி வரைக்கும் உள்ளே போனது. வெளியே இழுத்தபோது கூடவே செம்மண் பொடியும் வெள்ளைக் கரையான் நாலைந்தும் வந்தன. மேல்பூச்சு ஒரு விரற்கடை மட்டும் மரமாக நின்றிருந்தது. அடுத்து வளையம். அது முழு வளையமாக இல்லை, வளைத்துவிட்ட கொக்கி. வாய் சற்றே திறந்திருந்தது, சுண்டு விரல் நுழையும் அளவுக்கு. அதில்தான் மூன்று நாள் தொங்கியிருக்கிறாள்.

பெரியப்பா அதற்கப்புறம் ஒன்றும் பேசவில்லை. வெளியே போய் கூரை ஓட்டுக்காரருக்குப் போன் போட்டார்.

முடிவில் கூரையை நம்பாமல், உள்ளேயே இரண்டு இரும்புத் தூண் நிறுத்தி, கான்கிரீட் அஸ்திவாரம் போட்டு, மேலே ஒரு கர்டர் வைப்பது என்றானது. கணக்கை அத்தான் போட்டார். சுவரும் உத்திரமும் அதில் சம்பந்தப்படவே இல்லை. கர்டரின் அடிமட்டம் தரையிலிருந்து 13 அடி. இந்த 13 அடி ஒரு கருவியை உடனே வெளியே தள்ளியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

உடல் சொன்னது

தளர்மூட்டு இருக்கிறதா என்று பார்க்க பெய்ட்டன் அளவீடு என்று ஒன்று உண்டு, மொத்தம் 9 புள்ளி. சுண்டு விரல் பின்னால் 90 பாகைக்கு மேல் வளைகிறதா, கட்டை விரல் முன்கையைத் தொடுகிறதா, முழங்கையும் முழங்காலும் நேர்கோட்டைத் தாண்டி 10 பாகைக்கு மேல் பின்னுக்குப் போகின்றனவா என்று இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். கடைசியில் முழங்கால் மடங்காமல் உள்ளங்கை தரையில் படுகிறதா என்பது. பெரியவர்களுக்கு 5 அல்லது அதற்கு மேல் வந்தால் தளர்மூட்டு என்று எடுத்துக்கொள்வோம். இவளுக்கு 6.

நாட்டியக்காரர்களிடம் இது அடிக்கடி வரும். ஆட்டத்துக்கு அழகு சேர்க்கிற விஷயம்தான். ஆனால் இரண்டு கையையும் பாரில் (கிடைமட்டக் கம்பியில்) கொடுத்து, காலைத் தரையிலிருந்து எடுக்கச் சொன்னபோது, அவள் முழங்கை பூட்டிக்கொண்டு பின்னுக்கு வளைந்தது, தோள் காதோரம் ஏறியது. தசை எதுவும் வேலை செய்யவில்லை. மொத்த உடம்பும் தசைநாரில் தொங்கியது. தொங்கிய நிலையிலேயே தோள்பட்டை எலும்பைக் கீழே இழுக்கச் சொன்னேன். அவளால் முடியவில்லை, எதை இழுப்பது என்றே தெரியவில்லை. பதினெட்டு நொடியில் கை விட்டது. தோள் நழுவியதன் காரணம் இங்கேயே கிடைத்துவிட்டது.

காலோ நேர் எதிர். அரைமண்டியில் வளர்ந்த கால். தொடையும் இடுப்பும் பாதமும் பிரமாதம்.

உள்ளங்கை வியர்வை அதிகம். சித்திரை மாதத்துத் திருநெல்வேலியில் யாருக்குத்தான் இல்லை என்று கேட்கலாம். இவளுக்கு மார்கழிக் காலையிலும் பேனா நழுவும். இரத்த அழுத்தம் சரி. கண் அழுத்தம், கர்ப்பம், சமீபத்திய அறுவைச் சிகிச்சை என்று தலைகீழாகத் தொங்கக் கூடாத காரணம் எதுவும் இல்லை.

கடைசிக் கேள்வி, ஏரியல் பழக வருகிற எல்லாரிடமும் நான் கேட்பது: பஸ்ஸில் வாந்தி வருமா? அவள் சிரித்துவிட்டாள். கல்லிடைக்குறிச்சியிலிருந்து மாஞ்சோலை பஸ்ஸில் ஏறினால் மணிமுத்தாறு அணையைத் தாண்டி இரண்டாவது வளைவிலேயே ஜன்னலைத் திறக்கிற ஆளாம்.

கருவிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம்

துணி அவளுடைய கனவு. நீளத்தில் அதிகம் இழுபடாத, அகலத்தில் விரியும் நைலான் டிரைகாட் துணியை நடுவில் மடித்துத் தொங்கவிட்டால் இரண்டு வால் கிடைக்கும். முடிச்சோ பிடியோ எதுவும் கிடையாது. ஏறுவதும் நிற்பதும் சுற்றிக்கொள்வதும் துணியின் உராய்வை வைத்துத்தான். அவள் வாங்கியது அந்தத் துணியே இல்லை. கையில் பிடித்து நீளவாக்கில் இழுத்தால் ரப்பர் மாதிரி வந்தது, எங்கேயும் பாரத்தாங்கு அளவு எழுதியிருக்கவில்லை. அதை விடுங்கள், சரியான துணியே வாங்கினாலும் மூன்று இடைஞ்சல். முதலாவது, புதியவருக்குத் துணியில் பாதிப் பாரத்தோடு பழக வழி குறைவு. ஏறும்போது ஒவ்வொரு அடிக்கும் முழு எடையும் கைக்கு வந்து போகும். இவளிடம் இல்லாதது அந்தக் கைதான். இரண்டாவது, மேலே மாட்டும் இடத்தில் சுழலும் இணைப்பு இருப்பதால் துணி சுற்றிக்கொண்டே இருக்கும். மூன்றாவது கூரை. கட்டும் சாமான்களுக்கே ஓர் அடி போய்விடும். மிச்சம் 12 அடியில் ஏறப் பழகலாம், விழுகிற வித்தை எதையும் செய்ய முடியாது. 20 அடியாவது இருந்தால்தான் துணி தன் முழு ஆட்டத்தைக் காட்டும்.

வளையம் அவளுடைய இரண்டாவது ஆசை. லைரா என்றும் சொல்வார்கள். ஓர் அங்குலக் கனமுள்ள இரும்புக் குழாயை சுமார் 90 சென்டிமீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை விட்டமுள்ள வட்டமாக வளைத்தது. தலையுயரத்தில் கட்டலாம் என்பதால் 13 அடி தாராளம். ஸ்டூலில் நின்று ஏறலாம், உட்காரலாம், உட்கார்ந்து மூச்சு வாங்கலாம். முழங்கால் மடிப்பிலும் இடுப்பிலும் கன்றிப்போகும், ஆரம்பத்தில் எல்லாருக்கும் அப்படித்தான். வியர்வைக் கைக்கு வழவழப்பான இரும்பு ஆகாது என்றாலும் டேப் சுற்றி மெக்னீசியம் கார்பனேட் பொடி போட்டுச் சமாளிக்கலாம். இரண்டு புள்ளியில் கட்டினால் சுற்றுவதும் குறையும். ஆக, இவளுக்கு வளையத்தை மறுக்கக் காரணம் குறைவுதான் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வர மாட்டேன்.

என் தயக்கம் வேறு. வளையத்தில் தளர்மூட்டுக்காரர்களுக்கு முதல் வாரமே கைதட்டல் கிடைத்துவிடும். முதுகை வளைத்துக் காலைத் தலைக்குக் கொண்டுவந்து ஒரு போட்டோ எடுத்தால் முடிந்தது. தசை வளர்வதற்கு முன்னால் மூட்டு மேலும் தளரும். பெங்களூரில் என்னிடம் இடுப்பு வலியோடு வந்தவர்களில் இந்த ரகம் நிறையப் பேர்.

ஹம்மாக் எனப்படும் தொட்டில் துணியை அவளே வேண்டாம் என்றாள். "தூளி மாதிரி இருக்குக்கா, அதுலே தூங்கத்தான் தோணும்." அது அவ்வளவு இலகுவான கருவி இல்லை. ஆனால் ஆள் விரும்பாத கருவியை மருத்துவக் காரணம் சொல்லித் திணிப்பதில் பலன் கிடையாது.

கயிறு. இது நம்முடைய மண்ணுக்கு நெருக்கமானது. நட்ட கம்பத்தில் ஏறி வித்தை செய்யும் மல்லகம்பத்தில் கம்பத்தோடு கூட கயிற்றுப் பிரிவும் உண்டு. பருத்திக் கயிற்றைக் கால் கட்டை விரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே கவ்விப் பிடித்து ஏறுவார்கள், பெரும்பாலும் பெண் பிள்ளைகள். தமிழ்நாட்டில் மல்லகம்பம் என்றால் விழுப்புரம்தான். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியிலும் மல்லகம்பம் இருந்தது. பனையேறிகள் நிறைந்த நம் தேரிக்காட்டுப் பக்கத்தில் இது ஏன் பரவவில்லை என்பது எனக்குத் தனி வருத்தம். இவளுக்குப் பாதம் தயார், நாட்டியம் பழகிய பாதம். கை தயாரில்லை. கயிறு துணியைவிட ஒல்லி, துணியைவிட முரடு. தோல் உரியும்.

கடைசியில் டிரபீஸ். சொன்னதுமே வீட்டில் எல்லாரும் பதறினார்கள். சர்க்கஸில் ஒரு பாரை விட்டு அடுத்த பாரைப் பிடிக்கிற காட்சிதான் எல்லார் மனதிலும். ஜூல் லெயோத்தார் என்ற பிரெஞ்சுக்காரர் 1859இல் பாரிஸில் ஆடிக் காட்டிய பறக்கும் டிரபீஸின் வழி வந்தது அது. நான் சொன்னது ஆடாத டிரபீஸ். பார் ஒரே இடத்தில் நிற்கும். பாரின் இரண்டு பக்கமும் பருத்தி சுற்றிய கயிறு, மேலே இரண்டு தனித்தனிப் புள்ளி. பாரில் உட்காரலாம், நிற்கலாம், முழங்காலை மாட்டித் தொங்கலாம், பக்கக் கயிற்றைப் பிடித்துச் சாயலாம்.

இரண்டு புள்ளியில் கட்டினால் அது சுற்றாது. மாஞ்சோலை பஸ் பிரச்சினை தீர்ந்தது. பார் கிடைமட்டமாக, தோளகலத்தில் இருப்பதால் தோளைக் கீழே இழுப்பது எப்படி என்று சொல்லித்தருவது சுலபம், பாதத்தைத் தரையில் வைத்தபடியே பாதிப் பாரத்தில் பழகலாம். நிற்கும் வித்தைகளில் அவளுடைய காலுக்கு வேலை கிடைக்கும். ஐந்தடிச் சொச்ச உயரத்தில் பார், அதன்மேல் ஓர் ஆள் நின்றாலும் 13 அடிக்குள் அடங்கிவிடும். குறை என்றால் இரண்டு. முழங்கால் மடிப்பில் பார் பதியும் வலி முதல் மாதம் கொடுமை. அப்புறம், வீடியோவில் துணி மாதிரி விரிந்து பறக்காது.

பெங்களூர் சோதனை

என் பேச்சை மட்டும் கேட்டு முடிவெடுக்க வேண்டாம் என்று நாகர்கோவில்–பெங்களூர் ரயிலில் ஏற்றிவிட்டேன். ராத்திரி ஏறினால் காலையில் அங்கே. சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஒரு பயிற்சிக்கூடத்தில் நான்கு கருவிகளும் தொட்டுப் பார்த்தாள். ஏற்கெனவே எட்டு வாரம் தரைப் பயிற்சி செய்துவிட்டுத்தான் போனாள்: ரப்பர் பட்டை இழுப்பது, நனைந்த துண்டைப் பிழிவது, இரண்டு கையிலும் தண்ணீர்க் குடம் தூக்கித் தோள் ஏறாமல் முற்றத்தில் நடப்பது. எட்டு வாரத்தில் தோளை இறக்கிவைத்தபடி முப்பது நொடி தொங்க வந்துவிட்டது. குடம் தூக்குவதைப் பார்த்து அவள் அம்மா, "இதுக்கா அம்புட்டு ரூவா குடுத்து டாக்டர்ட்ட போன?" என்று கேட்டாராம்.

அங்கிருந்து வந்த வீடியோவில் துணி வகுப்பு எட்டாவது நிமிடத்தில் முடிந்தது. துணி இரண்டு சுற்றுச் சுற்றியதும் முகம் வெளிறி, இறங்கி, மெத்தையில் உள்ளங்கை இரண்டையும் ஊன்றி உட்கார்ந்துவிட்டாள். வளையத்தில் எனக்குப் பயமாக இருந்தபடியே நடந்தது. ஆசிரியை சொல்லாமலேயே முதுகை வளைத்து ஒரு போஸ், சுற்றிலும் கைதட்டல், அவள் முகத்தில் அப்படியொரு சிரிப்பு. அதே போஸிலிருந்து தன் கையால் எழுந்து வரத் தெரியவில்லை, இரண்டு பேர் பிடித்துத் தூக்கினார்கள்.

டிரபீஸில் கைதட்டல் எதுவும் இல்லை. பாரில் ஏறி நின்று, இரண்டு கயிற்றையும் முழங்கைக்குள் அணைத்துக்கொண்டு, இடது காலைத் தூக்கி நடராஜர் நிலை மாதிரி ஒன்றைத் தானாகவே செய்தாள். ஆசிரியை வாயைத் திறக்கவில்லை, கேமராவை மட்டும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனார்.

திங்கட்கிழமை காலை ஜங்ஷனில் இறங்கியவுடன் எனக்கு ஒரு செய்தி: "பார்."

வாங்கியதும் கட்டியதும்

வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு கிரில் பட்டறையில் பாதி விலைக்கும் குறைவாகச் செய்துதர ஆள் இருந்தார். கதவும் ஜன்னலும் அருமையாக அடிப்பவர். ஆனால் வெல்டிங் உள்ளே எப்படிப் பிடித்திருக்கிறது என்பது வெளியே பார்த்தால் தெரியாது. கதவில் அது விட்டுப்போனால் கதவு தொங்கும், அவ்வளவுதான். ஆகவே பாரத்தாங்கு அளவு எழுதித் தருகிற ஏரியல் தயாரிப்பாளரிடமே டிரபீஸ் வாங்கினோம். மாட்டும் கொக்கி, மலையேறுபவர்கள் பயன்படுத்தும் பூட்டுக் கொக்கி. எவ்வளவு விசை தாங்கும் என்று அதன் உடம்பிலேயே கிலோநியூட்டன் கணக்கில் பொறித்திருக்கும். ஹார்டுவேர் கடையில் கிலோ கணக்கில் நிறுத்துத் தருகிற கொக்கிக்கும் இதற்கும் தோற்றத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது.

இலவம்பஞ்சு மெத்தை வீட்டுக்குத் திரும்பியது. மனிதர் விழுந்தால் பஞ்சு ஒதுங்கித் தரை வந்துவிடும். எட்டு அங்குலக் கனத்தில் நுரை மெத்தை போட்டோம்.

ஒரு நிபந்தனை வைத்தேன். கிட்டங்கியில் தனியாகப் பழகக் கூடாது. பெரியப்பா வெளியே கயிற்றுக் கட்டிலில் பேப்பர் படித்துக்கொண்டாவது இருக்க வேண்டும். புது வித்தை எதுவும் பெங்களூரில் ஆசிரியை முன்னால்தான், இங்கே பழையதைத் திரும்பச் செய்வது மட்டும். இதில்தான் அடிக்கடி சண்டை. பழகும் நேரம் காலை ஆறரைக்குள், வெயில் ஏறுவதற்கு முன்.

ஓராண்டில்

முதல் இரண்டு மாதம் முழங்கால் மடிப்பு நீலம் பாரித்துக் கிடந்தது. கடையில் எல்லாரும் விழுந்துவிட்டாயா என்று கேட்டார்களாம். மூன்றாம் மாதத்துக்கு மேல் கன்றுவது குறைந்தது. பக்கக் கயிறு உரசி விலாவில் ஒருமுறை தோல் போனது, அதிலிருந்து உடம்பை மூடும் சட்டைதான். வியர்வைக்கு ரோசின் என்ற பிசின் பொடி பயன்படுகிறது.

தோள் நழுவும் உணர்வு அதற்கப்புறம் வரவில்லை. முழங்கை இன்னும் பின்னுக்கு வளையும், அது பிறவி. ஆனால் தொங்கும்போது பூட்டிக்கொள்வதில்லை. பூட்டிக்கொண்டால் அவளுக்கே தெரிகிறது, தெரிந்தவுடன் சரிசெய்கிறாள். கையின் பிடிவலுவும் கூடியிருக்கிறது. பாரில் தொங்கியபடி முழங்காலை மேலே கொண்டுவந்து மாட்டுவதை ஆறாம் மாதத்தில் யார் உதவியும் இல்லாமல் செய்தாள்.

வளையம் வேண்டும் என்று இப்போது கேட்கிறாள். நியாயமான ஆசைதான். பாரில் ஒரு கையால் ஐந்து நொடி, தோள் இறங்கியபடி தொங்கிக் காட்டட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். இடது கை மூன்று நொடியில் நிற்கிறது.

இதற்கிடையில் அவளுடைய அத்தை மகன் ஒருவன் கிட்டங்கிக்கு வந்து எட்டிப்பார்த்திருக்கிறான். பத்தொன்பது வயது, உடன்குடிக்காரன். தாத்தாவோடு பனையேறிப் பழகியவன். பெய்ட்டன் அளவீட்டில் பூஜ்யம், குனிந்தால் கை முழங்காலைத் தாண்டவில்லை. டிரபீஸ் அவனுக்குப் பத்து நிமிடத்தில் சலித்துவிட்டது. தோட்டத்தில் அத்தான் கர்டருக்கு அளவு எடுத்துக்கொண்டிருக்கிறார், இந்தத் தடவை 22 அடியில், வெட்டவெளியில். அவனுக்குக் கயிறு. விழுப்புரத்தில் ஒரு பயிற்சியாளரிடம் பேசியாகிவிட்டது. குனிந்து கை தரையைத் தொடும்வரை தினம் கால் மணி நேரம் நீட்டல் பயிற்சி செய்யச் சொன்னேன். அதை மட்டும் அவன் செய்வதில்லை.